எஞ்சின் ஆறும் வரை

அத்தியாயம் 17

போன வாரம் சந்திரகலாவை லாஸ்பேட்டை பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், இத்தனை நாளில் கால் கடுத்துப் போயிருக்கும். கையில் காலி டிபன் பாக்ஸ், மனசில் அடுத்தவர் ரகசியம்.

ரகசியத்தை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனவன் இராமதாஸ். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். அவனுடைய அப்பா காரைக்காலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவருடைய உயிருக்குயிரான காரைச் சிநேகிதன் கல்யாணத்துக்கென்று திண்டிவனத்துக்கு ஓட்டிப் போயிருக்கிறான். திரும்பும்போது கிளியனூர் தாண்டி வண்டி கொதித்து ஆவி கக்கியது. அப்பா வருவதற்குள் வீடு சேர வேண்டுமே என்ற பயத்தில், கொதிக்கக் கொதிக்க ஓட்டிக்கொண்டே ஊர் வந்துவிட்டான். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத கலா" என்றான். அவளும் தலையாட்டிவிட்டாள்.

தலையாட்டுவதில் என்ன கஷ்டம்? கஷ்டம் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. வாசலிலேயே அண்ணன் அரிகிருஷ்ணன் கால் தரையில் பாவாமல் நின்றுகொண்டிருந்தான்.

"கலா! சொல்தா மாமா வண்டிய எனக்கே குடுக்கறேன்னுட்டாரு!"

சொல்தா மாமா என்றால் இராமதாஸின் அப்பா ஜானகிராமன்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வார்கள். அவர் ஊருக்குத் திரும்பியபோது கூடவே கப்பலில் வந்தது அந்தக் கரும்பச்சை மிஸ்த்ரால் கார். பார்க்கச் சின்ன வண்டி. ஆனால் பந்தயத்துக்கென்றே எஞ்சினை முறுக்கேற்றிச் செய்த மாடல். இப்போது அவருக்கு முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது, கிளட்ச்சை மிதிக்க முடியவில்லை. சென்னையிலிருந்து ஆள் மேல் ஆள் வந்து கேட்டும் கொடுக்காமல், சம்பந்தி வீட்டுப் பிள்ளைக்கே கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அரிகிருஷ்ணன் நெல்லித்தோப்பில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். அடுத்த மாதம் சோழவரம் பந்தயத்தில் கார் ஓட்டியே தீருவது என்று அவனுக்கு வெறி. சொந்த ஷெட் போடச் சேர்த்த பணத்தை அப்படியே இந்த வண்டியில் போடத் துணிந்துவிட்டான்.

ஆக, அடுத்த வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்ப்பது. அந்த ஞாயிறுதான் இன்று.

*

"சம்பந்தி வீட்டு வண்டிய மூடியத் தெறந்து பாக்கறேன்றியே, உனுக்கு வெக்கமா இல்ல?" என்று காலையிலேயே ஆரம்பித்தார் அப்பா கலியபெருமாள். "பொண்ணு குடுக்கற எடம்டா அது. மாட்டுப் பல்லப் புடிச்சுப் பாக்கற மாதிரி பாப்பியா?"

"நீ மண்டியில அரிசி மூட்டைய குத்தூசி போட்டுப் பாக்காம எறக்குவியாப்பா?"

"அது யாவாரம்."

"இதுவும் யாவாரம்தானே?"

"இது சம்பந்தம்டா!"

கலியபெருமாள் மில் வேலையை விட்டபின் அரிசி மண்டியில் எடை பார்க்கிறவர். அவர் கண்ணில் மண்ணைத் தூவி அரிசியோடு ஒரு கல் உள்ளே போக முடியாது. அப்பேர்ப்பட்டவர் இந்த விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்னார். சம்பந்தியைச் சந்தேகப்பட்டோம் என்ற பேச்சு வந்துவிட்டால் பெண்ணின் வாழ்க்கை என்னாகும் என்ற பயம் அவருக்கு. அதில் தப்புச் சொல்லவும் முடியாது.

சந்திரகலா தலைக்குப் பூ வைத்துக்கொண்டே, பட்டும் படாமல் கேட்டாள். "அப்பிடி இன்னாண்ணா பாக்கப் போற அதுல?"

அவ்வளவுதான், அரிகிருஷ்ணனுக்கு உற்சாகம் பொங்கியது. "இந்த மாடலுக்குன்னே ஒரு நோவு உண்டு கலா. கீழ இருக்கற பிளாக்கு இரும்பு. மேல இருக்கற ஹெட்டு அலுமினியம். சூடு ஏறுனா ரெண்டும் ஒரே மாதிரி விரியாது. ஒரே ஒரு தடவ நல்லாக் கொதிச்சா போதும், ஹெட்டு வளைஞ்சிடும். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கேஸ்கெட் போயிடும். தண்ணி போய் ஆயில்ல கலந்துடும்."

சந்திரகலாவின் கையில் கொண்டை ஊசி நின்றது. "கொதிச்சுதா இல்லையான்னு எப்பிடிக் கண்டுபுடிப்ப?"

"எஞ்சின் ஆறியிருக்கணும். ஆறுன எஞ்சினத் தெறந்து பாத்து, அப்பறம் ஸ்டார்ட் பண்ணணும். சூடா இருந்தா கெட்ட எஞ்சினும் கொஞ்ச நேரம் நல்லாதான் ஓடும்."

"தெரியாம வாங்கி ஓட்டிட்டா?"

அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "முழு வேகத்துல போறப்ப எஞ்சின் இறுகிப் புடிச்சிக்கும். பின் சக்கரம் பூட்டிக்கும். அப்பறம் வண்டி எந்தப் பக்கம் உருளும்னு யாருக்குத் தெரியும்? அதுக்குத்தான் பாக்கணும்ன்றேன்."

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் இராமதாஸுக்குக் கொடுத்த வாக்கு போச்சு. கல்யாணத்துக்கு முன்னாலேயே அவனைக் காட்டிக்கொடுத்தவள் ஆகிவிடுவாள். சொல்லாவிட்டால் அண்ணனை யார் உயிரோடு திருப்பித் தருவது? கடைசியில், நம்மைப் போலவே எல்லாரும் செய்கிற சமாதானம் ஒன்றை அவளும் செய்துகொண்டாள். அண்ணன் கெட்டிக்காரன், தானே கண்டுபிடித்துவிடுவான், நாம் வாயைத் திறக்க வேண்டியிருக்காது.

*

நிச்சயத்துக்கு முன் பெண் அந்த வீட்டுப்படி ஏறுவது வழக்கமில்லைதான். ஆனால் இராமதாஸின் அம்மா கன்னியம்மாள், வளையல் அளவு பார்க்க வேண்டும், அவளையும் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். எனவே மூன்று பேருமாக அரிகிருஷ்ணனின் ஸ்கூட்டரில் நெருக்கிக்கொண்டு வைசியாள் வீதிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

வண்டி வாசலில் நின்றது. ஆயுத பூஜைக்கு நிறுத்தியது போல மாலை, சந்தனம், குங்குமம். முன் சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். அரிகிருஷ்ணன் முகம் மலர்ந்து, நேராகப் பின்பக்கம் போனான். அந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால்தான். மூடியின் மேல் கையை வைத்தவன் சட்டென்று எடுத்துக்கொண்டான். சுட்டது.

"அலோர், வாங்க சம்பந்தி, வாங்க!" என்றபடி ஜானகிராமன் தடியை ஊன்றி வந்தார். எதைப் பேசத் தொடங்கினாலும் அவருக்கு முதலில் 'அப்புறம்' என்பதற்கான பிரெஞ்சு 'அலோர்' வர வேண்டும். அடர்ந்த மீசை, நிமிர்ந்த முதுகு. "இப்பதான் மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போயிட்டு வந்து நிறுத்தறோம். நல்ல காரியம் ஆச்சே, பூஜ போட்டுட்டே குடுக்கலாம்னு ராமுதான் காலைலயே எழுப்பினான். அவன்தான் ஓட்டினான்."

சந்திரகலா இராமதாஸைப் பார்த்தாள். அவன் மாலையை இப்படியும் அப்படியும் சரி செய்துகொண்டிருந்தான். நேராகத்தான் இருந்தது அந்த மாலை.

கலியபெருமாள், தனக்கும் வண்டியில் அக்கறை உண்டு என்று காட்டிக்கொள்ள, முன்பக்க மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஸ்டெப்னி டயரும் ஒரு கோணிப்பையும் இருந்தன. "எஞ்சின் எங்க சம்பந்தி?" என்று அவர் திகைத்து நிற்க, ஜானகிராமன் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றைக்கு அந்த வாசலில் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

ஏனென்றால் அரிகிருஷ்ணன் அப்போதுதான் சொன்னான்: "மாமா, எஞ்சின் ஆறட்டும். ஆறினப்பறம் பாக்கறேன்."

"சூட்டோட பாத்தா இன்னா தம்பி?"

"இந்த மாடலுக்கு ஆற வெச்சுத்தான் பாக்கணும் மாமா."

கலியபெருமாள் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜானகிராமன் மீசையை ஒரு தடவை தடவினார். தன் வண்டியைச் சந்தேகப்படுகிறான் பையன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"சரி, ஆறட்டும்" என்றார். "சாப்ட்டுட்டு ஒக்காந்திருப்போம். எத்தினி நேரம் ஆவுமோ ஆவட்டும்."

*

ஒரு எஞ்சின் ஆற எவ்வளவு நேரமாகும் என்று அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களைக் கேட்க வேண்டும். கலியபெருமாள் மழையைப் பற்றிப் பேசினார். மழை முடிந்து மாதமாகியிருந்தது. ஜானகிராமன் அல்ஜீரியாவைப் பற்றி ஒரு கதை சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். அரிகிருஷ்ணன் அடிக்கொரு தரம் வாசலுக்குப் போய் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். அவன் போகும்போதெல்லாம் ஜானகிராமன் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கன்னியம்மாளுக்கு இது எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. சந்திரகலாவின் கையை மடியில் வைத்துக்கொண்டு வளையலை ஏற்றினாள்.

"எலும்பு சின்னது உனுக்கு. ரெண்டு நாலு சைஸே போதும். பாரு, எவ்ளோ அழகா குந்திக்கிச்சு!"

"கழட்டிடட்டுமா அத்தை?"

"இப்ப இன்னா அவசரம்? போறப்ப கழட்டிக்கலாம். கொஞ்ச நேரம் நான் பாத்துக்கறேன்." கன்னியம்மாள் அவள் காதோரம் தாழ்ந்து சொன்னாள். "எனுக்கும் பேச்சுத் தொணைக்கு ஆளில்ல கலா. இவரு பேசறது பாதி பிரெஞ்சு. அவன் பேசறதே இல்ல. நீ வந்தா நான் பொழச்சேன்."

சந்திரகலாவுக்குக் கண் கரித்தது. இந்த அம்மாளைப் பிடித்துப் போயிற்று அவளுக்கு. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

தண்ணீர் எடுக்கிற சாக்கில் பின்கட்டுக்குப் போனாள். அங்கே குழாயடியில் இராமதாஸ் கழுவின சொம்பையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான்.

"இன்னும் சொல்லலியா?" என்றாள் மெல்ல.

"எப்பிடிச் சொல்றது கலா? அவருக்கு அந்த வண்டி..."

"எங்க அண்ணன் அதுல பந்தயம் ஓட்டப் போவுதுங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க?"

அவன் குழாயை மூடினான். "எனுக்கு வெவரம் தெரியற வரைக்கும் அப்பான்னா சுவத்துல மாட்டின போட்டோதான். ஒருநாள் நெசமாவே வந்தாரு. மீசையும் பூட்ஸும் பாத்து நான் கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சிக்கிட்டேன். இன்னும் அங்கதான் இருக்கறேன்னு நெனைக்கறேன். அவரு மொகத்தப் பாத்தா எனுக்கு வார்த்தை வராது."

சொன்ன விதத்தில் பொய் இல்லை. சந்திரகலாவுக்கு அவன் மேல் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை.

"சாப்பாடு ஆவட்டும். சொல்லிடறேன்" என்றான்.

"கண்டிப்பா?"

"கண்டிப்பா."

சாப்பாடு ஆனது. வெற்றிலையும் ஆனது. அவன் சொல்லவில்லை.

*

வெயில் சாயத் தொடங்கியபோது அரிகிருஷ்ணன் எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். "ஆறிடுச்சு மாமா."

எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். ஜானகிராமன் தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வண்டியின் முன்பக்கம் நின்றார். பின்னால் வரவில்லை. என் வண்டியை நீ பார், நான் உன்னைப் பார்க்கிறேன் என்பது போல இருந்தது அது.

அரிகிருஷ்ணன் முதலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தான். சந்திரகலாவும் எட்டிப் பார்த்தாள். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக, தயிராடை மாதிரி படிந்திருந்தது. அவன் மூடியைத் துணியில் துடைத்தான்.

அடுத்தது ரேடியேட்டர். மூடியைத் திறந்து விரலை விட்டான். விரல் மஞ்சளாக வந்தது. மூக்கருகே வைத்துப் பார்த்தான்.

"மாமா, இதுல மஞ்சத்தூள் போட்டிருக்கு."

"மஞ்சத்தூளா?"

"ஒழுகுறத அடைக்கறதுக்கு லாரிக்காரங்க போடுவாங்க மாமா. யார் போட்டது?"

ஜானகிராமனின் முகம் சிவந்தது. லாரிக்காரன் வைத்தியம் தன் வண்டியிலா? சுற்றும்முற்றும் பார்த்தவர், மனைவி மேல் கண்ணை நிறுத்தினார்.

"கன்னி! காலைல மஞ்சத்தண்ணி தெளிச்சியே, அத எங்க ஊத்துன?"

"நான்... வண்டிமேலதான் தெளிச்சேன்."

"வண்டிமேல தெளிச்சா உள்ள எப்பிடிப் போவும்? மிச்சத்த இதுக்குள்ள ஊத்தினியா? ஒண்ணும் தெரியாதுன்னா கைய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்ட?"

கன்னியம்மாள் நடுங்கிப் போனாள். தான் ஊற்றவில்லை என்று அவளுக்கே நிச்சயமில்லாமல் போய்விட்டது. "ஓட்ட இருந்துச்சே பின்னாடி... அதுல போயிருக்குமோ இன்னாவோ" என்றாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சம்பந்தி முன்னால், வரப்போகிற மருமகள் முன்னால் வாங்கிய திட்டு.

சந்திரகலா இராமதாஸைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா திட்டு வாங்குகிறாள், மகன் செங்கல் எண்ணுகிறான்.

அரிகிருஷ்ணன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து வெள்ளைப் புகை எழுந்தது. எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. கலியபெருமாள் அதைப் பார்த்து, "சாம்பிராணி போட்ட மாதிரி இருக்குல்ல சம்பந்தி!" என்று நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். அரிகிருஷ்ணன் இறங்கி வந்து ரேடியேட்டரைக் குனிந்து பார்த்தான். தண்ணீரில் குமிழி குமிழியாக வந்து உடைந்தது. சோறு பொங்குகிற உலைபோல இருந்தது, ஆனால் தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை; போன கேஸ்கெட் வழியாக எஞ்சின் காற்றுதான் அதில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் எஞ்சினை நிறுத்தினான்.

"இன்னா தம்பி? எப்பிடி?" என்று முன்னாலிருந்து ஜானகிராமன் கேட்டார்.

அரிகிருஷ்ணன் நிமிர்ந்தான். சம்பந்தியைப் பார்த்தான். அழுகையை அடக்கிக்கொண்டு நின்ற கன்னியம்மாளைப் பார்த்தான். தங்கையின் கையில் இருந்த வளையலைப் பார்த்தான். அங்கே கண் கொஞ்சம் அதிகமாகவே நின்றது.

"நல்ல வண்டி மாமா" என்றான். "எடுத்துக்கறேன்."

அண்ணன் கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்தபின்தான் வாங்குகிறான். தெரிந்தே வாங்குகிறான், தனக்காக. ஷெட்டும் போச்சு, சேமிப்பும் போச்சு. இவன் பிடிவாதம் தெரியும் அவளுக்கு. எதையாவது ஒட்டுப்போட்டு அடுத்த மாதம் சோழவரத்துக்கும் இதையே கொண்டு போவான்.

தான் காலையில் செய்துகொண்ட சமாதானம் எவ்வளவு கேவலமானது என்று அப்போது அவளுக்கு உறைத்தது.

"வேணாண்ணா" என்றாள்.

"கலா, நீ சும்மா இரு" என்றார் கலியபெருமாள்.

"இல்லப்பா. சும்மா இருந்து இருந்துதான் இப்பிடி ஆச்சு." அவள் கன்னியம்மாளின் பக்கத்தில் போய் நின்றாள். "மாமா, அத்தைய ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க எதுவும் ஊத்தல. இந்த வண்டி கொதிச்சுப் போன வண்டி. எனக்கு முன்னாடியே தெரியும்." அவள் இராமதாஸ் பக்கம் திரும்பினாள். "மிச்சத்த நீங்க சொல்றீங்களா?"

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று மெல்லத் திறந்தது. இந்த மாதிரி நேரத்தில் ஜன்னல்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

இராமதாஸ் முதலில் அம்மாவைப் பார்த்தான். அப்புறம் அப்பாவைப் பார்த்தான். இந்த முறை கண்ணைத் தாழ்த்தவில்லை.

"நீங்க காரைக்கால் போனப்ப நான் எடுத்துட்டுப் போனேன்ப்பா. திண்டிவனத்துக்கு. கிளியனூர்கிட்ட கொதிச்சிது. கடக்காரர் ஒருத்தரு சொன்னாருன்னு மஞ்சத்தூள் வாங்கிப் போட்டேன். நீங்க வந்துடுவீங்கன்னு நிறுத்தாம ஓட்டிட்டு வந்தேன்." சந்திரகலாவுக்குத் தெரிந்த கதை இங்கே முடிந்துவிட்டது. அவன் முடிக்கவில்லை. "இன்னைக்குக் கோயிலுக்குப் போலாம்னு நான் சொன்னது சாமிக்காக இல்ல. எஞ்சின் சூடா இருந்தா அரிக்குத் தெரியாதுன்னுதான் எழுப்புனேன்."

இதை யாரும் அவனைக் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சந்திரகலா அவனை வியப்போடு பார்த்தாள். இவ்வளவு மோசமாகச் செய்திருக்கிறானே என்ற வெறுப்பும், அதை இவனே சொல்லிவிட்டானே என்ற வியப்பும் ஒன்றாக வந்தன.

கையை ஓங்குவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஜானகிராமன் ஓங்கவில்லை. தடியை ஊன்றி ஊன்றிப் பின்பக்கம் வந்து, எஞ்சினைக் குனிந்து பார்த்தார். அந்த மஞ்சள் தண்ணீரை விரலால் தொட்டார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "பர்தோன், கன்னி" என்றார். மன்னிப்புக் கேட்கிற அந்தச் சொல்லை அவர் வெள்ளைக்காரர்களிடம் சொல்லித்தான் கன்னியம்மாள் கேட்டிருக்கிறாள். அதுவரை அடக்கியிருந்த அழுகை இப்போது வந்துவிட்டது.

"அலோர்" என்றார் மகனைப் பார்த்து. "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லத் தோணிச்சு. எங்கிட்ட சொல்லத் தோணலையா ராமு? நான் அவ்ளோ பயங்கரமானவனா?"

அவர் அரிகிருஷ்ணனிடம் திரும்பினார். "விக்கறதா இல்ல தம்பி இத. மொதல்ல சரி பண்ண முடியுமான்னு பாரு."

"ஹெட்டக் கழட்டினாத்தான் தெரியும் மாமா. ஆனா இனிமே ஸ்டார்ட் பண்ணக் கூடாது. கயிறு கட்டி வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போலாம், நாளைக்கு ஜீப் ஒண்ணு..."

"கயிறு எதுக்கு? ஓட்டிக் கெடுத்தவன் இருக்கான் இல்ல, அவன் தள்ளட்டும். இப்பவே." அப்புறம், யாரும் எதிர்பாராதபடி, சந்திரகலாவின் பக்கம் வந்தார். "வெள்ளிக்கெழம தட்டு மாத்தறதுன்னு பேசியிருக்கோம். நாங்க வரலாமா வேணாமான்னு நீ சொல்லும்மா. உங்கப்பாவும் சொல்ல வேணாம், நானும் சொல்ல மாட்டேன்."

கலியபெருமாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அரிகிருஷ்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"யோசிச்சு சொல்றேன் மாமா" என்றாள் சந்திரகலா. அவர் தலையசைத்தார்.

*

இராமதாஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்னால் போய், எஞ்சின் மூடிமேல் இரண்டு கையையும் ஊன்றினான். தள்ளினான். வண்டி அசையவில்லை. அரிகிருஷ்ணன் உதவிக்குப் போகப் பார்த்தான்.

"விடுண்ணா" என்றாள் சந்திரகலா. "அவரே தள்ளட்டும்."

"அப்ப ஸ்டியரிங்க யாரு புடிக்கறது? நான் புடிக்கறேன்."

"நீ அப்பாவ ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டு முன்னாடி போ. நான் புடிக்கறேன்."

வலப்பக்கக் கதவைத் திறந்தவள் விழித்தாள். ஸ்டியரிங் அங்கே இல்லை. பிரான்சில் செய்த வண்டி, ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. சுற்றிப் போய் ஏறினாள். "போற பக்கம் திருப்பு, அவ்ளோதான். நடுவுல இருக்கறது பிரேக்கு" என்று சொல்லிவிட்டு அரிகிருஷ்ணன் ஸ்கூட்டரை உதைத்தான்.

வண்டி மெல்ல நகர்ந்தது. மாலைபோட்ட வண்டி, முன்னால் ஒரு பெண், பின்னால் ஒரு ஆண். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைசியாள் வீதிக்கு வேறென்ன வேடிக்கை வேண்டும்? சோடாக்கடைக் கண்ணையன் கடையை விட்டு இறங்கியே வந்துவிட்டான்.

"இன்னா ராமு? சொல்தா வண்டியே மக்கர் பண்ணுதா?"

சந்திரகலா கண்ணாடியில் பார்த்தாள். குனிந்த தலை, வேர்வையில் ஒட்டிய சட்டை. என்ன சொல்லப் போகிறான்? பெட்ரோல் இல்லை, பேட்டரி இறங்கிப்போச்சு, சும்மா சர்வீஸுக்கு, எத்தனையோ இருக்கின்றன சொல்ல.

"வண்டிமேல தப்பு இல்லண்ணே" என்று மூச்சு வாங்கச் சொன்னான் இராமதாஸ். "நான்தான் கெடுத்துட்டேன்."

புல்வார் சாலை முனையில் பழக்கடைக்காரர் கேட்டார். அவருக்கும் அதையே சொன்னான். குரல் கொஞ்சம் பலமாகவே இருந்தது.

சந்திரகலா ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள். வளையல் அதில் இடித்துச் சத்தமிட்டது. கழற்றிக் கொடுக்காமலே வந்துவிட்டோமே என்று அப்போதுதான் நினைவு வந்தது. அவனிடமே கொடுத்தனுப்பலாம் என்று ஒரு கையால் கழற்றப் போனாள். பிறகு, வெள்ளிக்கிழமை வரைக்கும் கையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.